சிறு காரியாலயத்தின் தஸ்தாவேஜுகளும் வன்தட்டுகளும்

கொச்சி நகரின் பழமை வாய்ந்த பகுதியாகிய மட்டாஞ்சேரியில் பரதேசி யூதர்களின் ஜெபாலயம் 1568-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அங்கே பாதுகாக்கப்பட்டு வந்த செப்பேடுகள் அக்கட்டடத்தினும் மிகத் தொன்மையானவை. ஏறத்தாழ கி. பி. 1000-ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கி, வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த சாசனம் அது. ஆயிரம் மழைக்காலங்களைக் கண்ட பின்னரும் அதன் எழுத்துகளை இன்றும் படிக்க முடிகிறது.

அதே மட்டாஞ்சேரியின் தெருக்களில் மிளகு, ஏலம், சுக்கு ஆகியவற்றை வாங்கி விற்கும் சிறு காரியாலயங்கள் பல உள்ளன. ஏற்றுமதிப் பட்டியல்கள், சரக்குச் சோதனைச் சான்றிதழ்கள், வரிக் கணக்குகள், வெளிநாட்டு வணிகர்களின் கடிதங்கள் ஆகிய அனைத்தும் முன்னாளில் பேரேடுகளிலும் காகிதக் கட்டுகளிலும் இருந்தன. இன்று அவை பெரும்பாலும் கணிப்பொறியின் வன்தட்டில் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க் என்று யாவரும் வழங்கும் இத்தட்டுக்கு, அதைச் செய்தவர் தரும் உத்தரவாதம் வழக்கமாக மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளே. ஆனால் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி கணக்குகளை, அவ்வாண்டுக்குரிய ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாத்தல் வேண்டும். கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்களை எட்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் விதிக்கிறது. எனவே, தஸ்தாவேஜு வாழ வேண்டிய காலம் அதனைத் தாங்கும் தட்டின் உத்தரவாதக் காலத்தை விட நீண்டது என்பது தொடக்கத்திலேயே தெளிவாகிறது.

இது வணிகர்களுக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று. கள ஊழியர் ஒருவர் ஊர் ஊராகச் சென்று தொகுத்த பயனாளிகளின் விவரங்களும், பள்ளியொன்றின் சேர்க்கைப் பதிவேடும் மதிப்பெண் பட்டியல்களும் அழிந்துபோனால், அவற்றை மீண்டும் உண்டாக்குவது எளிதன்று. சில வேளைகளில் அது இயலவே இயலாது. ஆகவே சிறு காரியாலயம் ஒன்று தன் சேமிப்புச் சாதனங்களை எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வன்தட்டு இயங்கும் விதம்

முதல் வன்தட்டுச் சாதனத்தை ஐ. பி. எம். நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்த அந்தப் பெரும் இயந்திரத்தில் 50 லட்சம் எழுத்துகளைப் பதிக்க முடிந்தது. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டுப் பெட்டியில் 20 டெராபைட்டுக்கு மேலும் கொள்ளுகிறது. ஒரு டெராபைட் என்பது ஒரு லட்சம் கோடி எழுத்துகளுக்கு இடம் தருவது.

அளவு மாறினும் தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள வழவழப்பான தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. எழுதவும் படிக்கவும் பயன்படும் தலைப்பகுதி, தட்டின்மீது படாமல், மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதந்து செல்கிறது. அந்த இடைவெளி சில நானோமீட்டர்களே. மனிதனின் தலைமயிரின் தடிமன் அதைப்போல் பல்லாயிரம் மடங்கு. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 125 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இத்துணை நுட்பமான இயந்திரம் இரவும் பகலும் ஓடும்போது என்றேனும் ஒருநாள் பழுதடைவது இயற்கை. பழுதே ஆகாத தட்டு எதுவென்று தேடுவதில் பயனில்லை. தட்டு பழுதாகும் நாளில் நம் கையில் எஞ்சியிருப்பது என்ன என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பழுதடைந்து கழிக்கப்பட்ட தட்டு ஒன்று கிடைக்குமானால், ஆசிரியர்கள் அதைத் திறந்து வகுப்பில் காட்டலாம். கண்ணாடிபோல் ஒளிரும் தட்டையும், அதன்மேல் நீண்டிருக்கும் மெல்லிய கரத்தையும், அதனை அசைக்கும் வலிமையான காந்தங்களையும் கண்ட மாணவர்கள் இப்பாடத்தை எளிதில் மறவார்.

நூறாண்டு ஆயுள் என்னும் மயக்கம்

வன்தட்டின் விவரத் தாளில், பழுதாவதற்குச் சராசரிக் காலம் 10 லட்சம் மணி என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். ஆண்டுக்கு 8,760 மணி. ஆகவே 10 லட்சம் மணி என்பது 114 ஆண்டுகளாகிறது. தாம் வாங்கிய தட்டு ஒரு நூற்றாண்டு உழைக்கும் என்று இதைக் கண்டவர் எண்ணிவிடலாகாது. ஒரே வகையான 114 தட்டுகள் ஓராண்டு ஓடினால் அவற்றுள் ஒன்று பழுதாகும் என்று எதிர்பார்க்கலாம் என்பதே அதன் பொருள். அதாவது, ஆண்டுப் பழுது விகிதம் ஒரு சதவிகிதத்திற்குச் சற்றுக் குறைவு.

அனுபவம் இதனினும் கடுமையானது. அமெரிக்காவிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியான்கா ஷ்ரோடர், கார்த் கிப்ஸன் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் தட்டுகளைப் பற்றிய பதிவுகளை ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். விவரத் தாள்களின்படி ஆண்டுக்கு 0.88 சதவிகிதத்திற்கு மேல் பழுது நேரக்கூடாது. ஆனால் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவிகிதம் தட்டுகளை மாற்ற நேர்ந்ததே பரவலாகக் காணப்பட்டது. சில இடங்களில் அது 13 சதவிகிதம் வரை உயர்ந்திருந்தது.

ஆண்டுக்கு 2 சதவிகிதம் என்றே கொள்வோம். ஒரு தட்டு ஓராண்டு தாங்குவதற்கான வாய்ப்பு 0.98. ஐந்து ஆண்டுகள் தாங்குவதற்கான வாய்ப்பைக் காண 0.98-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.90. எனவே ஐந்து ஆண்டுகளில் பத்துக்கு ஒரு தட்டு பழுதாகும். நான்கு தட்டுகளை உடைய பெட்டியில், ஐந்து ஆண்டுகளில் ஒன்றேனும் பழுதாவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்று. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.

தட்டைத் தேர்ந்தெடுத்தல்

இன்று உலகில் வன்தட்டுகளைச் செய்யும் பெரிய நிறுவனங்கள் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்றே. மூன்றிலும் நல்ல மாதிரிகளும் உண்டு. குறைபாடுள்ள மாதிரிகளும் இருந்துள்ளன. ஆதலால் நிறுவனத்தின் பெயரை மட்டும் கண்டு வாங்காமல், பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்று.

முதலாவது, எழுதும் முறை. தடங்களைத் தனித்தனியே அமைப்பது வழக்கமான முறை, இது சி. எம். ஆர். எனப்படும். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, ஒரு தடத்தின் ஓரத்தின்மீது அடுத்த தடம் ஏறி நிற்குமாறு எழுதுவது எஸ். எம். ஆர். முறை. கேரளத்து வீடுகளின் ஓட்டுக் கூரையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். நடுவிலுள்ள ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமாயின், அதன்மேல் படிந்துள்ள ஓடுகளையும் கழற்றி மீண்டும் வேய வேண்டும். அவ்வாறே எஸ். எம். ஆர். தட்டில் பழைய செய்தியைத் திருத்தி எழுதும்போது தாமதம் மிகுகிறது. பல தட்டுகள் கூடி இயங்கும் பெட்டிக்கு அது ஏற்றதன்று. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் இத்தகைய பெட்டிகளுக்கென விற்ற சில ரெட் வகைத் தட்டுகள் எஸ். எம். ஆர். முறையில் அமைந்தவை என்பது 2020-ஆம் ஆண்டில் வெளியாகி, வாங்கியோரிடையே பெரும் கண்டனத்தை எழுப்பியது. ஆகவே சி. எம். ஆர். என்று தெளிவாகக் குறிக்கப்பட்ட தட்டையே வாங்குக.

இரண்டாவது, தட்டு புதியதா என்பது. நெடுங்காலம் உழைத்த தட்டுகளின் உள்பதிவுகள் அழிக்கப்பட்டு, அவை புதியன என்று பல நாடுகளில் விற்கப்பட்ட செய்தி 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து வெளிவந்தது. தட்டின் வரிசை எண்ணைக் கொண்டு, அதன் உத்தரவாதம் எந்நாள்வரை உள்ளது என்பதைச் செய்தவரின் இணையதளத்தில் பார்த்துவிடலாம். விலை வழக்கத்திற்கு மாறாகக் குறைந்திருப்பின் இச்சோதனை இன்றியமையாதது.

மூன்றாவது, ஒரே நாளில் செய்யப்பட்ட தட்டுகளை ஒரே பெட்டியில் இடாதிருத்தல். ஒரே தொகுதியில் பிறந்த தட்டுகள் ஒரே குறையை உடையனவாய், ஏறக்குறைய ஒரே காலத்தில் பழுதாகலாம். இரண்டு தட்டுகளை வாங்குவோர், வெவ்வேறு கடைகளிலோ வெவ்வேறு மாதங்களிலோ வாங்குவது சிறந்த வழி.

நான்காவது, தேவையான அளவு. நாளொன்றுக்கு 100 பக்கங்களைப் படியெடுத்துச் சேமிக்கும் காரியாலயத்தைக் கொள்வோம். ஆண்டுக்கு 300 வேலை நாட்கள் என்றால் 30,000 பக்கங்கள். பக்கத்திற்கு ஒரு மெகாபைட் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 30 கிகாபைட்டே ஆகிறது. பத்தாண்டுச் சேமிப்பும் 4 டெராபைட் தட்டின் ஒரு மூலையில் அடங்கிவிடும். பெரிய தட்டுக்குச் செலவிடும் பணத்தை, மற்றொரு நகலுக்குச் செலவிடுவதே அறிவுடைமை.

இரட்டைத் தட்டு செய்வதும் செய்யாததும்

காரியாலயத்தின் கணிப்பொறிகள் யாவும் பொதுவாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டியை நாஸ் என்று வழங்குகின்றனர். வலையமைப்புடன் இணைந்த, தனக்கென ஒரு சிறு கணிப்பொறியை உடைய, தட்டுகளைக் கொண்ட பெட்டி அது. சிறு காரியாலயத்திற்கு இரு தட்டுகள் உள்ள பெட்டி போதுமானது. ஒரு தட்டில் எழுதப்படுவது அனைத்தும் அதே கணத்தில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று பழுதானால் மற்றது வேலையைத் தொடரும். பழுதானதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினால், பெட்டி தானே அதில் நகலெடுத்துக்கொள்ளும். வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 8 டெராபைட் தட்டை நிரப்ப ஏறத்தாழ 15 மணி நேரம் பிடிக்கும். அந்த 15 மணி நேரமும் எஞ்சியுள்ள ஒற்றைத் தட்டே நமக்குத் துணை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இம்முறை ரெய்டு எனப்படும். இது தட்டின் பழுதிலிருந்து மட்டுமே நம்மைக் காக்கிறது. குமாஸ்தா ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்துவிட்டால், இரு தட்டுகளிலும் அது ஒருங்கே அழிகிறது. திருடன் பெட்டியைத் தூக்கிச் சென்றால் இரு தட்டுகளும் ஒருங்கே போகின்றன. தீக்கும் வெள்ளத்திற்கும் இவ்வாறே.

இதனினும் கொடிய அபாயம் ஒன்றுண்டு. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவிற்று. கணிப்பொறியிலுள்ள கோப்புகளைப் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டு, அவற்றைத் திறக்க 300 டாலர் மீட்புப் பணம் கேட்பது அதன் இயல்பு. கேரளத்தில் வயநாடு மாவட்டத்துத் தரியோடு பஞ்சாயத்துக் காரியாலயத்திலும், பத்தனம்திட்டை மாவட்டத்து அருவாப்புலம் பஞ்சாயத்துக் காரியாலயத்திலும் இருந்த கணிப்பொறிகள் அதற்கு இரையாயின. பெரிய நகரங்களையும் பெரும் நிறுவனங்களையும் மட்டுமே இத்தகைய தாக்குதல் நாடும் என்று எண்ணுவது தவறு என்பதை மலைநாட்டுப் பஞ்சாயத்து ஒன்றின் அனுபவம் காட்டிவிட்டது. நாஸ் பெட்டிகளையே குறிவைத்த நிரல்களும் பின்னர் தோன்றின. ஆதலால் பெட்டியை வெளி இணையத்திற்கு நேரே திறந்து வைக்கலாகாது. அதன் மென்பொருளைச் செய்தவர் அவ்வப்போது வெளியிடும் திருத்தங்களைத் தாமதமின்றி ஏற்றுதல் வேண்டும். பெட்டியுடன் வரும் கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றிவிடுக.

மழையும் உப்புக் காற்றும்

கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மட்டாஞ்சேரி காயலை அடுத்த தாழ்நிலம். சாதனங்களைத் தரையில் வைப்பது அங்கே பெரும் தவறு. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தின் ஆலுவா, வடக்குப் பறவூர்ப் பகுதிகள் நீரில் மூழ்கின; நெடும்பாசேரி விமான நிலையம் இரு வாரங்கள் மூடப்பட்டிருந்தது. அத்தகைய வெள்ளத்தில் மேசையடியிலுள்ள பெட்டி முதலில் மூழ்கும். இடுப்பளவுக்கு மேற்பட்ட, சுவரோடு இறுகப் பொருத்திய, அதிராத அலமாரியே தக்க இடம்.

உப்புக் காற்றும் ஈரமும் உலோக இணைப்புகளை அரிக்கும். மிளகு, சுக்கு மூட்டைகளின் தூசி பெட்டியின் விசிறியை அடைக்கும். ஆகவே கிடங்கை அடுத்த அறையைத் தவிர்த்து, மாதம் ஒருமுறை விசிறியையும் காற்றுத் துளைகளையும் தூய்மை செய்தல் வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்தோ வண்டியிலிருந்தோ கொண்டுவந்த தட்டை உடனே இயக்காமல், அறையின் உஷ்ணநிலையை அடையும்வரை சில மணி நேரம் வைத்திருப்பது நன்று; இல்லாவிடில் அதன்மேல் நீர்த்துளிகள் படியக்கூடும். தட்டுக்கெனக் குளிர்சாதனம் தேவையில்லை. நல்ல காற்றோட்டமே போதும்.

கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமின்னல் மிகுதி. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்புகள் அரைகுறையாக நின்றுவிடும். ஆதலால் யு. பி. எஸ். சாதனம் இன்றியமையாதது. அதனை நாஸ் பெட்டியுடன் கம்பியால் இணைத்துவிட்டால், மின்கலம் தீருமுன் பெட்டி தானே முறைப்படி நின்றுவிடும். கட்டடத்தின் நிலத்தொடர்புக் கம்பி செவ்வையாக உள்ளதா என்பதையும் மின்பணியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

எச்சரிக்கைக் குறிகள்

தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்கிறது. ஸ்மார்ட் எனப்படும் இப்பதிவை நாஸ் பெட்டியின் திரையில் காணலாம். கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும், படிக்க இயலாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கையும் அதில் முக்கியமானவை. கூகிள் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட தட்டுகளைக் கவனித்து 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, சோதனையில் முதல் பிழை காட்டிய தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழை காட்டாத தட்டைவிட 39 மடங்கு. எனவே எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து உயரத் தொடங்கியதும் தட்டை மாற்றிவிடுவதே நலம்.

ஆனால் எதிர்மாறான உண்மையும் அதே அறிக்கையில் உள்ளது. பழுதான தட்டுகளில் 36 சதவிகிதத்திற்கு மேற்பட்டவை எவ்வித முன்னறிவிப்பும் இன்றியே நின்றுவிட்டன. குறி தோன்றினால் நம்புக. குறி தோன்றாதிருப்பதை மட்டும் நம்பியிராதீர்.

மூன்று நகல்கள்

மேற்கூறிய யாவற்றிலிருந்தும் எளிய விதி ஒன்று பிறக்கிறது. எந்தத் தஸ்தாவேஜுக்கும் மூன்று நகல்கள் இருத்தல் வேண்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும்.

மட்டாஞ்சேரிக் காரியாலயத்திற்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். நாஸ் பெட்டியிலுள்ளது முதல் நகல். அதன் இரு தட்டுகளும் சேர்ந்து ஒன்றாகவே எண்ணப்படும். வாரந்தோறும் தனியான வெளித்தட்டில் எடுத்து, உடனே கழற்றிப் பூட்டி வைப்பது இரண்டாவது. கழற்றி வைத்த தட்டைத் தீய நிரல் தொட இயலாது என்பதே அதன் சிறப்பு. இத்தகைய தட்டுகள் இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் இன்னும் நன்று. மூன்றாவது நகலைத் தொலைவிலுள்ள இடத்திற்கு இணையத்தின் வழியே ஒவ்வோர் இரவும் அனுப்பலாம். எர்ணாகுளத்திலுள்ள நண்பரின் காரியாலயம் அதே வெள்ளத்திற்கு உட்படக்கூடியது. கடல் மட்டத்திற்கு 400 மீட்டர் உயரத்திலுள்ள கோயம்புத்தூரில் கிளையேனும் உறவினர் வீடேனும் இருக்குமாயின் அது பாதுகாப்பானது. மேகச் சேமிப்பு எனப்படும் வாடகைச் சேவைகளையும் நாடலாம். கம்பெனிகள் மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் நகலை இந்தியாவிலுள்ள சேமிப்புக் கணிப்பொறிகளில் நாள்தோறும் வைத்திருக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டில் விதி திருத்தப்பட்டுள்ளதையும் கவனிக்க வேண்டும்.

எஸ். எஸ். டி. எனப்படும் சுழலாத சேமிப்புச் சாதனம் அன்றாட வேலைக்கு விரைவானது, அதிர்ச்சியையும் தாங்கும். ஆனால் நெடுநாள் உழைத்துத் தேய்ந்த எஸ். எஸ். டி.யை மின்சாரமின்றி வெப்பமான அலமாரியில் ஆண்டுக்கணக்கில் வைத்தால், அதிலுள்ள செய்தி மெல்ல மறையக்கூடும். பூட்டி வைக்கும் நகலுக்கு அது உகந்ததன்று.

இறுதியாக, பலரும் மறந்துவிடும் கடமை ஒன்று. மூன்று மாதத்திற்கு ஒருமுறை, நகலிலிருந்து ஏதேனும் பத்துக் கோப்புகளை வேறொரு கணிப்பொறியில் மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். அச்சோதனையை யார், எந்நாளில் செய்தார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். நகல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஆண்டுகளைக் கழித்து, தேவையான நாளில் அது வெறுமையாக இருப்பதைக் காண்பதைவிடத் துயரமானது வேறில்லை. கடவுச்சொற்களும் ஒருவரின் நினைவில் மட்டும் இருத்தல் கூடாது; முத்திரையிட்ட உறையில் பொறுப்பாளரிடம் இருத்தல் வேண்டும்.

மட்டாஞ்சேரிச் செப்பேடுகளைப் பற்றித் தொடக்கத்தில் கூறினோம். அவற்றைக் காத்த ஜெபாலயமே 1662-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியரின் தாக்குதலில் சேதமுற்று, டச்சுக்காரர் காலத்தில் சீர் செய்யப்பட்டது. உறுதியான உலோகமாயினும், அது இருக்கும் இடத்திற்கு வரும் கேடு அதற்கும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சிக்கு வந்த கிளாடியஸ் புக்கானன் என்னும் பாதிரியார், உள்ளூர்க் கைவினைஞரைக் கொண்டு அச்செப்பேடுகளை எழுத்துக்கு எழுத்தாக வேறு செப்புத் தகடுகளில் பொறிக்கச் செய்து இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் அந்நகல் வைக்கப்பட்டது. மூலம் ஒரு நாட்டிலும் நகல் மற்றொரு நாட்டிலுமாக அச்சாசனம் இரட்டைப் பாதுகாப்புப் பெற்றது. செம்பைவிட வெகுவாக வலுக்குறைந்த தட்டுகளில் நம் கணக்குகளையும் பதிவேடுகளையும் எழுதும் நாம், அக்கைவினைஞர் செய்த வேலையை வாரந்தோறும் செய்துவருதல் வேண்டும்.